ஆங்கிலத்துக்குப் போன நம் பெயர்

பண்டிதர் அயோத்திதாசர் நினைவாக நடக்கும் கூட்டம் இது.

தமிழ் உலகுக்குக் கொடுத்த சொற்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. தமிழ் விழா மேடைகளில் அதை வாசிக்காமல் யாரும் இறங்குவதில்லை. கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுத்தண்ணி, வெட்டிவேர் என்று அடுக்குவார்கள், நாமும் கைதட்டுவோம். அந்தப் பட்டியலில் எப்போதும் விடுபட்டுப் போகிற ஒரு சொல் இருக்கிறது. கட்டுமரத்தையும் சுருட்டையும்விட அதிகமாக ஆங்கிலப் பத்திரிகைகளில் அச்சாகிற சொல் அது. எந்தப் பெரிய ஆங்கில அகராதியைத் திறந்தாலும் தமிழிலிருந்து வந்தது என்று தெளிவாகப் போட்டிருப்பான். ஆனாலும் தமிழ்ப் பெருமை பேசுகிறவர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். 'பரையா' என்பது அந்தச் சொல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொல்லைக் குறிக்கும்போது இடையின ரகரம் போட்டு 'பரையா' என்றும், மக்களைக் குறிக்கும்போது வல்லின றகரம் போட்டுப் 'பறையர்' என்றும் எழுதப்போகிறேன். அச்சுப் பிழை என்று யாரும் திருத்திவிட வேண்டாம். கப்பலேறியபோது வல்லினம் உதிர்ந்துபோனது. உதிர்ந்தது அது மட்டும்தானா என்பதுதான் இன்றைய பேச்சு.

ஆங்கிலத்தில் இன்று பரையா என்றால் எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர் என்று பொருள். ஊழலில் மாட்டிய அரசியல்வாதி பரையா. அணு ஆயுதம் செய்கிற நாடு பரையா. ஊக்கமருந்து சாப்பிட்டுப் பிடிபட்ட விளையாட்டு வீரர் பரையா. கோடீஸ்வரரும் ஆகலாம், ஜனாதிபதியும் ஆகலாம். ஆங்கில மொழியில் பரையா ஆக முடியாதவர் என்று எவருமே இல்லை. செங்கல்பட்டு சேரியில் பிறந்த ஒருவருக்கு இந்தச் செய்தி எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சொல்லின் ஊற்றுக்கு முதலில் போவோம். பறை என்றால் தோற்கருவி. ஒரு குறிப்பிட்ட கருவியின் பெயராக மட்டும் பழைய தமிழில் அது இல்லை. முழவுகளுக்கெல்லாம் பொதுப்பெயர் போல வழங்கியிருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவையோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறது. அதாவது குறிஞ்சிக்கும் ஒரு பறை உண்டு, நெய்தலுக்கும் ஒரு பறை உண்டு. பறை இல்லாத நிலம் கிடையாது. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 335-ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்கிறது. இழிவாகச் சொல்லவில்லை, ஊரின் மூலக்குடிகளாகச் சொல்கிறது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மார்கழி மாதம் முழுக்க அக்கிரகாரங்களிலும் பெருமாள் கோயில்களிலும் ஒலிக்கிற திருப்பாவையில் ஆயர் சிறுமிகள் கண்ணனிடம் கேட்பது பறைதான். உரைகாரர்கள் அதற்குக் கைங்கரியம் என்று பொருள் சொல்வார்கள். சொல்லட்டும். விடியற்காலை குளித்து மடியாக உட்கார்ந்து பறை வேண்டும் என்று பாடுகிறவர்களுக்கு, அதே சொல்லில் ஒரு விகுதி சேர்ந்தால் மட்டும் தீட்டாகிவிடுகிறது.

எப்போது தீட்டானது? அதற்குத் தேதி போட முடியாது. ஆனால் ஒரு கல்வெட்டைக் காட்ட முடியும். ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கைக் கோயில் சுவரில் வெட்டிவைத்திருக்கிறார்கள். வரி நீக்கிய நிலங்களின் வரிசையில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஊர் வேறு, சேரி வேறு என்று பிரிந்து, அரசாங்கக் கணக்கில் ஏறியும் ஆகிவிட்டது. பெரிய கோயிலின் கோபுரத்தைப் படம் எடுக்கிறவர்கள் கொஞ்சம் குனிந்து சுவரையும் படிக்கலாம்.

பறை அடிப்பவன் பறையன் என்பது சுலபமான விளக்கம். பள்ளிக்கூடத்து வாத்தியார் முதல் ஆங்கில அகராதிக்காரன் வரை எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். சொல்லிலக்கணப்படி அதில் தவறில்லை. ஆனால் நம் பாட்டன் பூட்டன்களில் பறை அடித்தவர்கள் எத்தனை பேர்? மிகப் பெரும்பாலானோர் ஏர் ஓட்டினார்கள், நாற்று நட்டார்கள், ஏரிக்கு மண் சுமந்தார்கள், மடை திறந்து நீர் பாய்ச்சினார்கள். வயலில் செய்த வேலை பெயரில் ஏறவில்லை, சாவு வீட்டில் செய்த வேலை ஏறியது. பெயரே பிறகு கட்டளையாகவும் ஆனது. உன் பெயரிலேயே பறை இருக்கிறதே, ஏன் அடிக்க வரமாட்டேன் என்கிறாய் என்று கேட்டு அடித்து இழுத்துப்போன ஊர்கள் நம் காலத்திலும் உண்டு.

பண்டிதர் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு, மலையாளத்தில் இன்றும் பேசுவதற்குப் பறயுக என்றுதான் சொல்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பண்டிதர் வேறொரு வரலாறு எழுதினார். பௌத்தர்களாக இருந்த பூர்வத் தமிழர்கள், வேஷப் பிராமணர்களின் பொய்யை ஊருக்குப் பறைந்தார்கள். அந்த வெறுப்பில் அவர்களுக்குப் பறையர் என்ற பெயரைச் சூட்டினார்கள் என்றார். மொழியியல்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஒரு சமூகவியல் மாணவனாக எனக்கு இது சிரிப்பாகப் படவில்லை. பெயருக்குப் பொருள் சொல்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியை அவர் கேட்டார். கருவியைக் காட்டி விளக்கம் சொன்னவர்களிடம், இந்தப் பெயர் ஒரு செயலின் விளைவு, செய்தவன் யார் என்று பார் என்றார். இதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி கப்பல் பயணம். 1516-ஐ ஒட்டி மலபார்க் கரையில் இருந்த போர்ச்சுகீசியர் துவார்த்தே பார்போசா தம் குறிப்புகளில் இந்தச் சாதிப் பெயரை எழுதிவைத்தார். ஆங்கிலத்தில் 1613-ல் சாமுவேல் பர்ச்சாஸ் தொகுத்த பயணநூலில் அது வருகிறது. பிறகு மதராசில் கோட்டை எழுந்தது. வெள்ளைக்காரர் வீடுகளில் சமையலுக்கும், குதிரை பார்க்கவும், குழந்தையைத் தூக்கவும் யார் போனார்கள்? மாட்டுக்கறி சமைக்கத் தயங்காத நம்மவர்கள்தான். ஆக, ஐரோப்பியனுக்கு மிகப் பக்கத்தில் இருந்த தமிழன் பறையன். அவனுடைய சாதிப் பெயரை வெள்ளைக்காரன் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தன் வீட்டுக்கு வந்த துபாஷிகளும் கணக்கப்பிள்ளைகளும் அடுப்படியைக் காட்டிச் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் பண்டிதரின் குடும்பக் கதை ஒன்று பொருந்துகிறது. தம் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர் என்றும், வீட்டில் இருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியைத் துரை வழியாக எல்லீசிடம் சேர்த்தவர் அவர்தான் என்றும் பண்டிதர் எழுதியிருக்கிறார். அந்தச் சமையற்கட்டிலிருந்து குறள் வெளியே போனது. அதே சமையற்கட்டைச் சுட்டிக்காட்டி ஒரு வசைச்சொல்லும் வெளியே போனது. குறளைக் கொடுத்தவரின் பெயரை நினைவில் வைத்திருக்கிற தமிழறிஞர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலேயர் வாயில் இந்தச் சொல் மட்டமானது எல்லாவற்றுக்கும் அடைமொழி ஆயிற்று. கலப்படச் சாராயம் பரையா அரக். தெருநாய் பரையா நாய். குப்பையில் பொறுக்கும் பருந்து பரையா பருந்து. மராட்டியத்துக்கும் வங்காளத்துக்கும் போன துரைகள் அங்கேயும் இந்தச் சொல்லை எடுத்துப்போனார்கள். 1832-ல் பம்பாயில் தெருநாய்களைக் கொன்றதற்கு எதிராகப் பார்சிகள் கலகம் செய்தார்கள். அந்த நாய்களும் ஆங்கில ஆவணங்களில் பரையா நாய்கள்தான். இப்போதும் நாட்டு நாய்மீது அன்பு கொண்டவர்கள், படித்தவர்கள், நாயைத் தத்தெடுத்துவிட்டு இந்தியன் பரையா என்று பெருமையாகப் படம் போடுகிறார்கள். அன்புதான். நாய்க்கு அன்பு.

பிரான்சுக்குப் போனபோது சொல்லுக்கு வேறு அதிர்ஷ்டம் அடித்தது. 1782-ல் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் தம் இந்தியப் பயணநூலை வெளியிட்டார். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1791-ல் பெர்னார்டின் தெ சேன்பியர் 'இந்தியக் குடிசை' என்ற கதையை எழுதினார். உண்மையைத் தேடி இந்தியாவுக்கு வரும் ஆங்கிலேய அறிஞர் ஒருவர், ஜெகநாதத்துப் பெரிய பிராமணரிடம் கேட்டு ஏமாந்து, திரும்பும் வழியில் புயலில் சிக்கி, ஒரு பரையாவின் குடிசையில் ஒதுங்குகிறார். தேடிவந்த ஞானம் அங்கே கிடைக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐரோப்பா முழுக்கப் பரவிய கதை. ஆனால் அந்தக் குடிசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காட்டுக்குள், தனியாக. சேரி இல்லை. பக்கத்துக் குடிசை இல்லை. ஆண்டை இல்லை, களம் இல்லை, படி அளக்கிற கணக்கன் இல்லை. மனைவி, தோட்டம், இயற்கை, ஞானம். அவ்வளவுதான்.

றகரம் போனதோடு சேர்ந்து இன்னொன்றும் போனது என்று நான் சொல்வது இதைத்தான். பறையர் என்பது பன்மை. தமிழகத்தின் மிகப்பெரிய மக்கள் தொகுதிகளில் ஒன்று. பரையா ஒருமை. ஐரோப்பிய இலக்கியத்தில் அவன் எப்போதும் ஒற்றை ஆள். தனி மனிதனின் சோகம் வேண்டியிருந்த ஒரு காலத்துக்கு அவன் தோதாகக் கிடைத்தான். 1821-ல் கசிமீர் தெலவீஞ் பாரிசில் 'பரையா' என்று நாடகம் போட்டார். அதை வைத்து 1829-ல் தோனிசெத்தி நேப்பிள்ஸில் இசை நாடகம் போட்டார். கதை நடக்கும் இடம் காசி! காசியில் எந்தப் பறையர் இருந்தார்? 1838-ல் பெண்ணுரிமைப் போராளி ஃப்ளோரா திரிஸ்தான், கொடுமைக்காரக் கணவனிடமிருந்து பிரிந்து பெரு நாட்டுக்குப் போய்வந்த தம் கதைக்கு 'ஒரு பரையாவின் யாத்திரைகள்' என்று தலைப்பு வைத்தார். அவர்மீது எனக்குக் கோபம் கிடையாது. தன் துயரத்துக்கு ஒரு சொல் தேடினார், கிடைத்ததை எடுத்துக்கொண்டார். ஒடுக்கப்பட்ட ஒருத்தி இன்னொருவர் பெயரைக் கடன் வாங்கினால் அதில் ஒரு தோழமை உண்டு. ஆனால் கடன் வாங்கியது கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

ஜெர்மனியில் 1823-ல் மிக்கேல் பேயர் என்ற யூத நாடகாசிரியர் பெர்லினில் 'பரையா' நாடகத்தை மேடையேற்றினார். இந்தியக் கதையைச் சொல்வதுபோல யூதர்கள் படும் பாட்டைச் சொன்னார். மறு வருடம் கவிஞர் கெத்தே 'பரையா' என்ற தலைப்பில் மூன்று கவிதைகளை வெளியிட்டார். நடுக்கவிதையின் கதையைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கணவனால் தலை வெட்டப்பட்ட பிராமணப் பெண்ணின் தலையை மகன் அவசரத்தில் வேறொரு பெண்ணின் உடலில் பொருத்திவிடுகிறான். நம் ஊர் ரேணுகை கதை, மாரியம்மன் கதை. சொன்னெரா நூல் வழியாகக் கெத்தேக்குப் போயிருக்கிறது. ஆடி மாதம் கூழ் ஊற்றி, உடுக்கை அடித்து நம் பாட்டிகள் பாடுகிற கதை ஜெர்மனியில் அச்சாகியிருக்கிறது. ஐரோப்பிய இலக்கியத்துக்குத் தமிழ் கொடுத்த கொடை என்று பட்டியல் போடுகிறவர்கள் இதை ஏன் சேர்ப்பதில்லை?

இதே ஆண்டுகளில் இங்கே என்ன நடந்தது? பாரிசில் நாடகம் ஏறுவதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1819-ல், மதராஸ் வருவாய் வாரியம் பண்ணையடிமை முறை பற்றிக் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டது. பறையரையும் பள்ளரையும் நிலத்தோடு சேர்த்து விற்பதும் அடகு வைப்பதும் பற்றிய பதில்கள் வந்தன. அடிமை முறையைச் சட்டம் இனி அங்கீகரிக்காது என்று 1843-ல்தான் சட்டம் போட்டார்கள். அதன்பிறகும் படியாள் என்ற பெயரில் அது நடந்தது. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர், பறையர் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு அனுப்பினார். தரிசு நிலத்துக்கு மனுப்போட்டாலும் மிராசுதாருக்கே முதல் உரிமை. குடியிருக்கும் குடிசைமனையும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் மனையைக் காலி செய். இந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892-ல் பஞ்சமி நில ஆணைகள் வந்தன. அந்த நிலங்கள் யார் கைக்குப் போயின என்று கேட்டுத்தான் 1994-ல் செங்கல்பட்டில் நம் மக்கள் திரண்டார்கள். ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள்.

இந்த வரலாற்றில் ஒதுக்கப்பட்டவன் எங்கே? காட்டுக்குள் தனிக்குடிசை போட்டு ஞானம் பேசும் ஆளை எங்கேயும் காணோம். நான் காண்பது நேர்மாறான ஒன்றை. நம்மை யாரும் வெளியே போகவிடவில்லை. போனவனைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். மலேயா, பர்மா, இலங்கைத் தோட்டம், கோலார் தங்கவயல் என்று தப்பி ஓடியபோது ஆள் போய்விட்டதே என்று மிராசுதார்கள் புலம்பினார்கள். கட்டிப்போடுவதற்குத்தான் தீண்டாமை. ஊருக்கு வெளியே சேரி என்பது கண்ணுக்குத் தெரிகிற கோடு. வயலுக்கு உள்ளே என்பது கண்ணுக்குத் தெரியாத சங்கிலி. பரையா என்ற ஆங்கிலச் சொல் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டது, சங்கிலியை இங்கேயே விட்டுவிட்டுப் போனது.

புதுச்சேரித் தேவாலயத்தில் ஒரு சுவர் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745-ல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பறைக் கிறித்தவர்களைத் தனியே உட்காரவைக்கக் கோயிலுக்குள் எழுப்பிய சுவர் அது. அதை இடித்தார்கள், சாதிக் கிறித்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பாருங்கள், சுவர் கோயிலுக்கு வெளியே இல்லை, உள்ளே இருந்தது. இந்தச் சுவருக்கு ஆங்கிலத்தில் சொல் கிடையாது.

இந்தத் தவறு வெள்ளைக்காரனுக்குத் தெரியாமலும் இல்லை. ஆங்கிலோ இந்தியச் சொற்களுக்கு யூலும் பர்னெலும் சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற பெரிய அகராதி 1886-ல் வெளிவந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், நிலைமை தெரிந்தவர். பறையர் என்பது தமிழகத்தின் மிகப்பெரிய சாதிகளில் ஒன்று, சாதியிலிருந்து தள்ளப்பட்டவர் என்ற பொருளில் ஐரோப்பியர் இதைப் பயன்படுத்துவது பிழை, அந்தப் பிழை இந்தியா முழுக்கப் பரவிவிட்டது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அகராதி சொன்னது. யார் கேட்டார்கள்?

கால்டுவெல் கதை இதற்கு அண்ணன். 1875-ல் வந்த ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில், தென்னிந்தியப் பறையர்கள் திராவிடர்களா என்று கேள்வி போட்டு ஒரு பின்னிணைப்பு எழுதினார். ஆம், திராவிடர்களே என்று முடித்தார். அவர் காலமான பிறகு 1913-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தப் பகுதி இல்லை. 2008-ல் கவிதாசரண் பதிப்பகம் முழு நூலையும் மறுஅச்சு போட்ட பிறகுதான் பலரும் அதைப் பார்த்தார்கள். கேள்வியே அவமானம்தான். விடையையும் வெட்டியது எதற்கு?

முதுகலை சமூகவியல் வகுப்பில் மாக்ஸ் வெபரைப் படித்தோம். பண்டை யூத மதம் பற்றிய ஆய்வில் அவர் யூதர்களைப் 'பரையா மக்கள்' என்று அழைக்கிறார். சடங்குமுறையால் பிரிக்கப்பட்டு, பிறர் நடுவே விருந்தாளிபோல் வாழும் மக்கள் என்று பொருள். பேராசிரியர் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, யூதர்களைச் சொன்னார், ஜிப்சிகளைச் சொன்னார். கடைசி பெஞ்சில் ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்து வந்த நாங்கள் மூன்று பேர் இருந்தோம். சொல் எந்த ஊரில் பிறந்தது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். மணியடித்துவிட்டது. வெபர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை, பேராசிரியர் இந்தியாவை விட்டுப் போனதே இல்லை.

அன்னா ஆரெண்டைப் பிறகு நானாகத் தேடிப் படித்தேன். 1944-ல், ஐரோப்பாவில் யூதர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தபோது, அகதியாக அமெரிக்காவில் இருந்து அவர் எழுதிய கட்டுரையில் பரையாவாகிய யூதனைப் பற்றிப் பேசுகிறார். ட்ரைஃபஸ் வழக்கில் போராடிய பெர்னார் லசார் சொன்ன 'தன்னுணர்வுள்ள பரையா' என்ற கருத்தை எடுத்துக்கொள்கிறார். ஒதுக்கப்பட்டவனுக்கு முன் இரண்டு வழி. ஒதுக்கியவன் வீட்டு விருந்தாளியாகப் பல்லிளித்து ஒட்டிக்கொள்வது ஒன்று. தன் நிலையை உணர்ந்து எதிர்த்து நிற்பது இன்னொன்று. இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது உண்மை. நம் இயக்கத்தில் பத்து வருடமாக விவாதித்துக்கொண்டிருந்ததை ஒரு பெண் எனக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். ஹைனே, காஃப்கா, சார்லி சாப்ளின் எல்லோரும் அந்தக் கட்டுரையில் வருகிறார்கள். அந்தப் பெயரின் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட வரவில்லை.

தன்னுணர்வோடு அந்தப் பெயரை எடுத்து நிமிர்ந்தவர் அப்போது இல்லாமலா இருந்தார்? 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். பெயரைச் சொல்லக் கூசுகிறவனுக்கு உரிமை கேட்க வாய் வராது என்பது அவர் கட்சி. பண்டிதருக்கு அது உடன்பாடில்லை. 1891-ல் திராவிட மகாஜன சபையைக் கண்டவர், சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியச் சொன்னவர், எதிரி வைத்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டவர். உறவினர்களான இரண்டு பெரியவர்களும் இதில் மோதிக்கொண்டார்கள். 1922-ல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்பவற்றுக்குப் பதிலாக ஆதி திராவிடர் என்று எழுத ஆணை வந்தது. இன்றைக்கும் தமிழ்நாட்டின் பட்டியலில் ஆதி திராவிடர் தனியாக இருக்கிறது, பறையன் தனியாக இருக்கிறது. ஒரே தெருவில் அண்ணன் சான்றிதழில் ஒன்று, தம்பி சான்றிதழில் இன்னொன்று. விவாதம் முடியவில்லை என்பதற்குத் தாசில்தார் அலுவலகமே சாட்சி. நான் யார் பக்கம் என்று கேட்பீர்கள். பண்டிதர் மேடையில் நின்றுகொண்டு சொல்கிறேன், பத்திரிகைக்குப் பறையன் என்று பெயர் வைத்த துணிச்சல்மீது எனக்குக் காதல் உண்டு.

மலேசியாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே மலாய் மொழியிலும் இந்தச் சொல் வசையாகப் புழங்குகிறது. தோட்டக்காட்டுக்குப் போன நம்மவர் முதுகிலேயே அது ஏறிப் போயிருக்கிறது. அப்துல்லா உசேனின் 'இந்தர்லோக்' நாவலை 2011-ல் பள்ளிப் பாடமாக வைத்தபோது, மலாயாவுக்கு வந்த இந்தியத் தொழிலாளர்கள் பறையர் சாதியினர் என்று அதில் வருவதை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. கடைசியில் அந்த ஆண்டே நூலைப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். அந்த எதிர்ப்பில் இரண்டு குரல் இருந்ததாக எனக்குப் படுகிறது. எங்களைச் சாதி சொல்லி இழிவு செய்யாதே என்பது ஒன்று. நாங்கள் அந்தச் சாதி இல்லை என்பது இன்னொன்று. ஊர்வலத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நடந்திருப்பார்கள்.

இப்போது நம் கைக்கு அருகில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன். 1989-ல் இயற்றி 2015-ல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதியினர் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம். அதே பெயர் ரகரம் மாறி ஆங்கில நாளேட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வருகிறது. அது இலக்கிய நயம். டெல்லியில் இருந்து எழுதுகிற கட்டுரையாளருக்கு அது ஒரு மக்களின் பெயர் என்ற எண்ணமே இருக்காது. அதனால்தான் கோபப்படுவதா, விளக்குவதா என்று நமக்கும் தெரியாமல் போகிறது. தடை செய்யச் சொல்லி மனுப்போடலாம் என்கிறார்கள் சில தோழர்கள். ஆங்கில மொழியை யாரிடம் மனுப்போட்டுத் தடை செய்வது?

எனக்குப் படுவது வேறு. அம்பேத்கர் 1927-ல் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பகிஷ்கிருத பாரத்' என்று பெயர் வைத்தார். பகிஷ்கிருதம் என்றால் விலக்கிவைக்கப்பட்டது. தலித் என்றால் நொறுக்கப்பட்டவர். இரண்டும் செயப்பாட்டு வினையிலிருந்து வந்த பெயர்கள். கேட்டவுடனே, விலக்கியவன் யார், நொறுக்கியவன் யார் என்ற கேள்வி எழுந்துவிடும். பறைந்ததால் பறையர் ஆக்கப்பட்டார்கள் என்று பண்டிதர் சொன்னதிலும் ஆக்கியவன் இருக்கிறான். பரையாவில் செய்தவன் இல்லை. மழை பெய்தது மாதிரி, காய்ச்சல் வந்தது மாதிரி, ஒருவர் பரையா ஆகிவிடுகிறார். ஐரோப்பாவுக்கு இந்தச் சொல் அவ்வளவு பிடித்துப்போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். யாரையும் குற்றம் சொல்லாமல் இரக்கப்பட முடிகிறது.

2019-ல் அமெரிக்கத் தேர்தல் விவாதத்தில் ஜோ பைடன், பத்திரிகையாளர் கஷோகி கொலைக்காகச் சவூதி அரேபியாவைப் பரையா ஆக்குவோம் என்று பேசினார். உலகின் பணக்கார மன்னராட்சிகளில் ஒன்று. 2022-ல் அதே பைடன் ஜெத்தாவுக்குப் போய் இளவரசரோடு முஷ்டியோடு முஷ்டி முட்டிக்கொண்டார். மூன்றே வருடத்தில் ஒரு பரையாவுக்கு விமோசனம்! நமக்கு ராஜராஜன் கல்வெட்டிலிருந்து கணக்குப் போட்டாலும் ஆயிரம் வருடம் தாண்டிவிட்டது.

இந்த மாதிரிச் செய்தி வந்தால் தமிழில் என்ன எழுதுவது என்று நாளிதழ்களில் வேலை பார்க்கிற தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். சிலர் 'தீண்டத்தகாத நாடு' என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை எழுதாதீர்கள். நம் சொல்லை அவனிடமிருந்து வட்டியோடு திரும்ப வாங்குவது மாதிரி அது. 'ஒதுக்கப்பட்ட நாடு' பரவாயில்லை. ஆனால் இடம் இருந்தால், யார் எதற்காக ஒதுக்கினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: கஷோகி கொலைக்காகச் சவூதியை அமெரிக்கா ஒதுக்கிவைக்கும் என்றார் பைடன். இரண்டு சொல் கூடுதலாகும். உதவி ஆசிரியர் வெட்டப் பார்ப்பார், விடாதீர்கள்.